ஓடு துறந்த நத்தைகள்: செங்கடல் பவளப் பாறைகளின் வண்ண உயிர்கள்

நத்தை என்றதும் நினைவில் முதலில் எழுவது அதன் ஓடே. சங்கு, சோழி, சிப்பி எனக் கடற்கரையில் நாம் பொறுக்கியெடுக்கும் பலவும் மெல்லுடலிகள் என்னும் பெருங்குலத்து உயிர்கள் தமக்கெனக் கட்டி வாழ்ந்த வீடுகளாகும். எலும்பற்ற மென்சதையைப் பகைவரின் வாயினின்றும் காத்துக்கொள்ள அக்குலத்துள் பெரும்பாலானவற்றுக்கு வாய்த்த கோட்டை அந்தச் சுண்ணாம்பு ஓடுதான். ஆபத்து நெருங்கினால் உள்ளே சுருண்டுகொள்ளும். அது நீங்கினால் மெல்லத் தலை நீட்டும்.

இக்குலத்திலேயே பிறந்து, பிறக்கும்போது ஓட்டையும் உடன் கொண்டு பிறந்து, பிறகு அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வெற்றுடம்போடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கும் உயிர்களும் உள்ளன. அவையே ஓடில்லாக் கடல் நத்தைகள். விரைந்தோட இவற்றுக்குக் காலில்லை. கடிக்க வலிய பல்லில்லை. மிகப் பலவற்றுக்கு நீந்தவும் தெரியாது. பசித்த மீன்கள் இரவும் பகலும் திரியும் பவளப் பாறையில் இத்தகைய உயிர் ஒளிந்து வாழ்வதன்றோ முறை? அவற்றுள் பலவோ செம்மஞ்சளும் கருநீலமும் ஊதாவும் வெண்மையும் கலந்த கோலம் பூண்டு, பட்டப்பகலில், யாவரும் காணப் பாறைமேல் ஊர்கின்றன. மீன்கள் அருகே வந்து பார்த்துவிட்டு அகன்று விடுகின்றன. கோட்டையை இடித்தவன் வாளும் இன்றி வீதியில் உலவுவது போன்ற இந்நிலை எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவற்றுள் பெருந்தொகையினவற்றை விலங்கியலார் நியூடிபிராங்க் என்று அழைப்பர். பிரெஞ்சு அறிஞர் கூவியே 1817-இல் இட்ட பெயர் இது. இலத்தீனும் கிரேக்கமும் கலந்த இச்சொல்லுக்கு 'மூடப்படாத செவுள்' என்று பொருள். மற்ற நத்தைகளின் செவுள் ஓட்டுக்குள் மறைந்திருக்க, இவற்றின் செவுளோ முதுகின்மேல் மலர்க்கொத்தாக விரிந்து நிற்பதால் இப்பெயர் வாய்த்தது. இதுகாறும் ஏறத்தாழ 3,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. துருவக் கடல் தொடங்கி ஆழ்கடல் வரை இவை பரவியிருப்பினும், நிறச் சிறப்பு மிக்கவை வெப்பக் கடல்களின் பவளப் பாறைகளிலேயே மிகுதி. நம் மன்னார் வளைகுடாவிலும் இவ்வகை உயிர்கள் உண்டு. எனினும் இங்குச் செங்கடலையே களமாகக் கொள்கிறேன். இவ்வுயிர்களுள் சிலவற்றைப் பற்றிய முதல் அறிவியல் பதிவுகள் அங்கேயே தோன்றின. அவற்றின் பாதுகாப்பு முறை குறித்த தெளிவான சான்று ஒன்றும் அங்கிருந்தே கிடைத்தது.

பதிவு செய்தோர்

அரபு நூலோர் 'பஹ்ருல் குல்ஸும்' என்று வழங்கிய செங்கடல் வணிகருக்கும் ஹஜ் பயணியருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பழகிய கடலே. ஆயினும் அதன் அடித்தளத்தில் வாழும் சிற்றுயிர்கள் நெடுங்காலம் ஏடேறவில்லை. பஸராவின் பேரறிஞர் அல்-ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) தம் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலில் எறும்பு, ஈ வரை நுணுகி ஆராய்ந்தவர். கடல்வாழ் உயிர்களுக்கெனத் தனி இயல் வகுக்காமல் விட்டார். கடலோடிகள் கூறும் கதைகளைத் தவிர அத்துறையில் வேறு சான்று கிடைக்கவில்லை என்பதும், அக்கதைகளை அவர் நம்பத்தக்கனவாகக் கொள்ளவில்லை என்பதும் அதற்குக் காரணம். கற்பிக்கும்போது மாணவர்க்கு நான் தவறாது சுட்டும் இடம் இது. காணாததை எழுதாமல் விடுவதும் ஆய்வு நேர்மையின் ஒரு கூறே.

கண்டு எழுதும் முயற்சி 18-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. டென்மார்க் மன்னர் ஐந்தாம் ஃபிரடெரிக் அனுப்பிய அறுவர் குழு 1761-இல் கோபன்ஹேகனிலிருந்து அரபு நாடுகளை நோக்கிப் புறப்பட்டது. அதன் இயற்கை ஆய்வாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால், லின்னேயஸின் மாணவர். அரபு மொழி அறிந்தவர். செங்கடல் மீனவரிடம் கேட்டறிந்த பெயர்களையே மீன்களின் அறிவியல் பெயர்களில் அவர் பதித்தார். சோஹல், போஹர், ஹரீத் என்னும் அரபுப் பெயர்கள் இன்றும் உலகெங்கும் மீனியல் நூல்களில் வழங்குவது அவரால்தான். 'அபுடெஃப்டஃப்' என்றொரு மீன் பேரினமே உண்டு. அதிலுள்ள 'அபூ' அரபு அறிந்தோர்க்கு விளக்க வேண்டாதது. ஃபோர்ஸ்கால் 1763-இல் யமனின் யரீம் ஊரில் காய்ச்சலுக்கு இரையானபோது அவருக்கு வயது 31. குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே உறுப்பினரான கார்ஸ்டன் நீபுர், நண்பரின் குறிப்புகளை 1775-இல் நூலாக்கினார்.

மீன்களுக்குக் கிடைத்த இப்பேறு நம் நத்தைகளுக்குக் கிட்டவில்லை. உண்ணவோ விற்கவோ உதவாத உயிருக்கு மீனவர் பெயரிட வேண்டிய தேவை குறைவு. அவற்றின் முறை அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தவரான எட்வர்ட் ரூப்பெல் 1820-களில் எகிப்திலும் செங்கடற்கரையிலும் பயணம் செய்து திரட்டியவற்றை லாய்க்கார்ட் என்பாருடன் சேர்ந்து 1828-க்கும் 1830-க்கும் இடையே வண்ணப் படங்களோடு வெளியிட்டார். நாம் பின்னர்க் காணவிருக்கும் நால்வண்ண நத்தையும், செந்நிறப் பெருநத்தையும் அவ்வெளியீட்டில்தான் முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்றன. அதே நூலில் மற்றொரு கடல் நத்தைக்கு ஃபோர்ஸ்காலின் பெயரை அவர்கள் சூட்டியிருப்பது, மறைந்த முன்னோடிக்குச் செலுத்திய மரியாதை எனலாம். ஏறக்குறைய அதே காலத்தில் ஏரன்பெர்க்கும் ஹெம்ப்ரிச்சும் அக்கடலில் ஆய்ந்தனர். ஹெம்ப்ரிச் 1825-இல் மஸாவா துறைமுகத்தில் இறந்தார். இன்று வண்ணப் படமாக நாம் எளிதில் கண்டு மகிழும் உயிர்கள் பின்னால் இப்படிச் சில கல்லறைகளும் உள்ளன.

உடலமைப்பு

நியூடிபிராங்குகளின் உடல் நீண்டு, அடிப்பகுதி முழுவதும் ஒரே பாதமாக அமைந்தது. தலையில் இரு கொம்புகள் நிமிர்ந்து நிற்கும். அவை கண்களைத் தாங்குவன அல்ல. நீரில் கரைந்து வரும் மணத்தை அறியும் மோப்பக் கொம்புகள். மடிப்பு மடிப்பாக அமைந்த அவற்றின் பரப்பு, நுண்ணிய அளவில் கரைந்துள்ள பொருளையும் பற்றிக்கொள்கிறது. இரை இருக்குமிடம், துணை சென்ற தடம் ஆகிய அனைத்தையும் இவ்வுயிர் மோந்தே அறிகிறது.

கண்களும் உண்டு; ஆனால் தோலுக்கடியில் புதைந்த இரு கரும்புள்ளிகளாக. வெளிச்சம் எது, நிழல் எது என்று பிரித்தறிவதற்கு மேல் அவற்றால் இயலாது. உருவமோ வண்ணமோ அவற்றுக்குப் புலப்படாது. தன் உடம்பில் தீட்டப்பட்டிருக்கும் கோலத்தை அந்நத்தையோ அதன் துணையோ ஒருபோதும் கண்டதில்லை. அந்நிறங்கள் முற்றிலும் பிறர் கண்களுக்காகவே அமைந்தவை என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இவற்றைப் பொதுவாக இரு பெரும் பிரிவுகளில் அடக்கலாம். ஒன்று, முதுகின் பின்புறத்தில் செவுள்கள் பூங்கொத்தாக வட்டமிட்டு நிற்பவை. இவை பெரும்பாலும் கடற்பஞ்சுகளைத் தின்பவை. மற்றொன்று, செவுட்கொத்து இன்றி, முதுகெங்கும் விரல் போன்ற நீட்சிகள் நெருங்கி முளைத்தவை. அவ்விரல்களே மூச்சுக்கும் உதவுகின்றன. செரிமானக் குழலின் கிளைகளும் அவற்றுள் ஓடுகின்றன. இவற்றின் இரை பெரும்பாலும் கடல் சாமந்தி, ஹைட்ராய்டு முதலிய கொட்டும் உயிர்கள். இரு பிரிவுகளின் வாயினுள்ளும் நுண்பற்கள் வரிசையிட்ட அரம் போன்ற நாக்கு ஒன்று உண்டு. அதனால் இரையைச் சுரண்டி உண்கின்றன.

ஒவ்வோர் இனமும் உண்பது மிகச் சிலவே. ஒரே வகைக் கடற்பஞ்சையன்றி வேறெதையும் தொடாதவையும் உள்ளன. இவ்வளவு குறுகிய உணவுப் பழக்கம் ஏன் என்பதற்கான விடை, அவ்வுணவில் அடங்கியிருக்கும் நஞ்சில் உள்ளது.

இரவல் நஞ்சு

செங்கடலின் வடபகுதியில், குறிப்பாக அகபா வளைகுடாவில், நெகோம்பாட்டா மக்னிஃபிகா என்றொரு கடற்பஞ்சு வளர்கிறது. செந்நிறக் கிளைகளோடு, மறைவிடம் நாடாமல் வெளிப்படையாக நிற்கும் இதனை மீன்கள் கடிப்பதில்லை. கையால் பிழிந்தால் செந்நிறச் சாறு கசியும். அச்சாறு பரவும் நீரிலிருந்து மீன்கள் விலகி ஓடும். அதிலுள்ள நஞ்சைப் பிரித்தெடுத்த வேதியியலார் அதற்கு லாட்ரங்குலின் என்று பெயரிட்டு, அதன் அமைப்பை 1980-இல் வெளியிட்டனர்.

அந்நஞ்சு செய்வது என்ன? உயிரணு ஒவ்வொன்றின் உள்ளேயும் ஆக்டின் என்னும் புரதத்தாலான நுண்ணிழைகள் உள்ளன. வீட்டுக்குக் கழிகளும் விட்டங்களும் போல அவை அணுவின் வடிவத்தைத் தாங்குகின்றன. அசைவுக்கும் பிரிவுக்கும் அவையே துணை. இவ்விழைகள் ஓயாது கட்டப்படுவதும் அவிழ்வதுமாக இருப்பவை. லாட்ரங்குலின் ஆக்டின் துணுக்குகளைப் பற்றிக்கொண்டு அவை இழையாகக் கோக்கப்படாதபடி தடுத்துவிடுகிறது. கட்டுவது நின்று அவிழ்வது தொடர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. 1983-இல் இவ்வுண்மை வெளியானபின், உயிரணுவின் அசைவை ஆராயும் ஆய்வுக்கூடங்கள் உலகெங்கும் இந்நஞ்சைக் கருவியாகக் கொண்டன. செங்கடற் பாறையின் ஒரு பஞ்சு, மருத்துவ ஆய்வு மாணவனின் மேசைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

இத்தகைய கடற்பஞ்சின்மேல் அமைதியாக அமர்ந்து மேயும் உயிர் ஒன்று உண்டு. அதுவே ரூப்பெல் பெயரிட்ட குரோமோடோரிஸ் குவாட்ரிகலர். 'நால்வண்ணம்' என்பதே அப்பெயரின் பொருள். விரலளவே நீளமுள்ள இந்நத்தையின் முதுகில் கருநிறப் பட்டைகளும் நீலங்கலந்த வெண்கோடுகளும் ஓட, விளிம்பில் செம்மஞ்சள் கரை கட்டியிருக்கும். இதனை ஆராய்ந்து 1985-இல் வெளியான கட்டுரை, பஞ்சிலுள்ள லாட்ரங்குலின் வகையொன்று இந்நத்தையின் உடம்பிலும் இருப்பதைக் காட்டியது. தின்ற நஞ்சால் இறக்காதது மட்டுமன்று, அதனைத் தன்னுடைமையாகவே ஆக்கிக்கொள்கிறது. அக்கட்டுரையை எழுதிய மெப்ஸ், ரூப்பெலின் சொந்த ஊரான ஃபிராங்க்ஃபர்ட்டில் பணிபுரிந்தவர் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

பசிபிக் பகுதியில் வாழும் இதன் நெருங்கிய உறவினங்கள் ஐந்தினை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு இதனை மேலும் தெளிவாக்கியது. அந்நத்தைகளின் வயிற்றுப் பகுதியில் பலவகைப் பொருள்கள் கலந்திருந்தன. மேற்போர்வையின் விளிம்பிலோ லாட்ரங்குலின்-ஏ என்னும் ஒன்றே சேமிக்கப்பட்டிருந்தது. தின்றவற்றுள் எது வலிய ஆயுதம் என்று தெரிவு செய்து, அதனை மட்டும் எல்லைப்புறத்துக்கு அனுப்பி வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. கடிக்க வரும் மீனின் வாயில் முதலில் படுவது விளிம்பே. முதற்கடியிலேயே கசப்பையும் நஞ்சையும் உணர்ந்த மீன் துப்பிவிடும். நத்தை சிறு காயத்தோடு பிழைத்துக்கொள்ளும். நஞ்சு உள்ளுறுப்புகளைத் தாக்காதபடி அதற்கென அமைந்த சுரப்பிகளுக்குள் அடைபட்டிருக்கிறது.

ஃபில்லிடியா வரிகோசா என்னும் இனம் செங்கடல் முதல் பசிபிக் வரை காணப்படுவது. கருநிற உடம்பில் சாம்பல்நீல வரம்புகளும் அவற்றின்மேல் மஞ்சள் கொப்புளங்களும் உடையது. இதனை மற்ற உயிர்களோடு ஒரே கலத்தில் இட்டால், இது கசியவிடும் சளியால் மீன்களும் இறால் வகைகளும் மடிவதை ஹவாயில் பணியாற்றிய ஜொஹான்னஸ் என்னும் ஆய்வாளர் 1963-இல் பதிவு செய்தார். அந்நஞ்சும் அது தின்னும் கடற்பஞ்சிலிருந்தே வருகிறது என்பது 1975-இல் தெளிவாயிற்று.

கொட்டும் கருவிகளும் வளர்ப்புப் பாசியும்

நஞ்சைக் கரைசலாகச் சேமிப்பது ஒருபுறமிருக்க, முழுக் கருவியையே கவர்ந்து பொருத்திக்கொள்ளும் விந்தை முதுகு விரல்கள் உடைய பிரிவினருக்கு உரியது. சொறிமீன் பட்டால் தோல் எரிவதைக் கடலோரத்தார் அறிவர். அதற்குக் காரணம் அதன் உடம்பிலுள்ள நுண்ணிய உறைகள். ஒவ்வோர் உறையினுள்ளும் சுருட்டி வைத்த நஞ்சூசி ஒன்று இருக்கும். தொட்ட மாத்திரத்தில் அது வெடித்துப் பாயும். கடல் சாமந்திக்கும் ஹைட்ராய்டுக்கும் இதே ஆயுதம் உண்டு. இவற்றைத் தின்னும் நத்தை, முதிராத உறைகளை வெடிக்காமலே விழுங்கி, செரிமானக் குழல் வழியாக முதுகு விரல்களின் நுனிக்கு அனுப்புகிறது. அங்குள்ள பைகளில் அவை முதிர்ந்து பயன்படத் தயாராகின்றன. விரல் நுனியைக் கடிக்கும் மீன் கடல் சாமந்தியைக் கடித்த தண்டனையைப் பெறுகிறது.

இவ்வூசிகள் நத்தைக்கே உரியவை என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. அவை இரையிடமிருந்து வந்தவை என 1858-இல் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ரெதில் ரைட் கூறியபோது எளிதில் ஏற்கப்படவில்லை. இரையை மாற்றினால் நத்தையின் ஊசி வகையும் மாறுகிறது என்பன போன்ற சான்றுகளோடு குரோவ்னர் 1903-இல் எழுதிய பிறகே ஐயம் நீங்கியது. நத்தையின் வாயும் குடலும் புண்படாதது எவ்வாறு? அதன் சளி ஊசிகள் வெடிப்பதை மட்டுப்படுத்துகிறது. குடலின் உட்தோலிலுள்ள கைட்டின் துகள்களும் கவசமாகின்றன.

பவளப் பாறையை விட்டுச் சற்று விலகியேனும் இங்கு ஒன்றைக் கூறியாக வேண்டும். நீலக் கடல் நாகம் என்று செய்தித்தாள்கள் வருணிக்கும் கிளாக்கஸ் இப்பிரிவைச் சேர்ந்ததே. திறந்த கடலின் மேற்பரப்பில் மிதந்து, போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் எனப்படும் கொடிய கொட்டுயிரைத் தின்று, அதன் ஊசிகளைச் சேமிப்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின்னர் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் இவை ஒதுங்கியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். அழகில் மயங்கிக் கையில் எடுப்போர் பெறும் வலி, உண்மையில் நத்தையினுடையதன்று; அது தின்ற உயிரினுடையது.

கவர்ந்ததைக் காப்பதில் இன்னொரு முறையும் உண்டு. ஏரன்பெர்க் 1831-இல் செங்கடலிலிருந்து விவரித்த ஃபில்லோடெஸ்மியம் ஹயலினம், ஸெனியா என்னும் மென்பவளத்தைத் தின்பது. மென்பவளத்தின் சதைக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகள் குடியிருக்கும். நத்தை பவளத்தைச் செரித்துவிட்டு, பாசிகளை மட்டும் உயிரோடு தன் முதுகு விரல்களில் குடியமர்த்துகிறது. வெயில்படும் பாறையில் அப்பாசிகள் ஆக்கும் உணவில் பங்கு பெறுகிறது. அதன் உருவமும் ஸெனியாவின் கிளைகளை ஒத்திருப்பதால், இரையின் நடுவே இருக்கும்போது கண்டுபிடிப்பது அரிது.

நிறம் என்னும் அறிவிப்பு

நஞ்சுடைமை பகைவனுக்குத் தெரியாவிட்டால் பயன் பாதியே. கடித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டுமென்றால் ஒவ்வொரு மீனின் கல்விக்கும் ஒரு நத்தை காயப்பட வேண்டும். பளிச்சென்ற நிறம் இங்கேதான் தொழிற்படுகிறது. ஒருமுறை கசப்பைச் சுவைத்த மீன் அந்நிறக் கோலத்தை நினைவில் கொள்கிறது; அடுத்த முறை தொலைவிலேயே விலகுகிறது. கோலம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு எளிதில் அது மறவாமல் பதியும். ஒரே பகுதியில் வாழும் வெவ்வேறு நச்சு இனங்கள் ஒன்றையொன்று ஒத்த கோலம் பூண்டிருப்பதும் இதனாலேயே. ஒன்றிடம் கற்ற பாடம் மற்றவற்றையும் காக்கும்.

நம்பப்படும் அறிவிப்பு இருக்குமிடத்தில் அதனைப் போலி செய்வோரும் தோன்றுவர். பியர்சோனோதூரியா கிரேஃபீ என்னும் கடலட்டையின் குஞ்சு, மேற்சொன்ன ஃபில்லிடியாவின் கருமை, வெண்மை, மஞ்சள் கொப்புளங்கள் அனைத்தையும் அப்படியே ஒத்திருக்கும். வளர்ந்த கடலட்டைக்கு அவ்வேடம் இல்லை. உடல் பெரிதாகியபின் வேறு தோற்றம் கொள்கிறது. சில தட்டைப்புழுக்களும் நியூடிபிராங்குகளின் நிறத்தை ஒத்துள்ளன.

வண்ணமுள்ள கடல் நத்தைகள் யாவும் நஞ்சுடையவை என்று வெகுசன நூல்கள் எழுதுவது மிகை. நிறத்தின் பகட்டும் நஞ்சின் வலிமையும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. மேலும் நம் கண்ணுக்குப் பளிச்சிடுவது மீனின் கண்ணுக்கும் அப்படியே தோன்றும் என்று கொள்ளலாகாது. கடல்நீர் செந்நிற ஒளியை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடுவதால், சிவப்பு உடம்பு ஆழத்தில் கருமையாகவே தோன்றும். மூழ்குவோரின் விளக்கொளியில் எடுத்த படங்களைப் பார்த்து நாம் செய்யும் ஊகங்களை இவ்வளவில் திருத்திக்கொள்ள வேண்டும்.

செந்நிறப் பெருநத்தை

இவ்வினங்களுள் புகழ் மிக்கது ஹெக்ஸாபிராங்கஸ் சாங்குனியஸ். 'ஆறு செவுள்கள் உடையது, குருதி நிறத்தது' என்று பொருள். மற்ற நியூடிபிராங்குகள் பெரும்பாலும் விரலளவைத் தாண்டாதிருக்க, இது 40 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். பகலில் இடுக்குகளில் ஒடுங்கியிருந்து இரவில் வெளிப்படும். அப்போது இதன் மேற்போர்வையின் ஓரம் மேல்நோக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். தொல்லைப்படுத்தினால் சுருளை அவிழ்த்து, செவ்வெள்ளை விளிம்பை விரித்து, உடலை மேலும் கீழும் அலைபோல வளைத்து நீரில் எழுந்துவிடும். விரிந்த பாவாடையோடு ஆடும் மங்கையை மூழ்குவோர்க்கு இது நினைவூட்டியதால் 'ஸ்பானிய நடனமாது' என்று பெயரிட்டனர். அந்த ஆட்டத்தை உலகறிந்த காட்சியாக்கியவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பலவேளைகளில் அது அச்சத்தின் அசைவு. படம் எடுப்பதற்காகப் பாறையிலிருந்து இதனைப் பெயர்த்து நீரில் விடும் வழக்கத்தைப் பொறுப்புள்ள மூழ்குநர்கள் கண்டிப்பதற்குக் காரணமும் அதுவே.

இதன் செவுள்களுக்கிடையிலும் மேற்போர்வை மடிப்பிலும் சிறிய இறால் ஒன்று குடியிருப்பதுண்டு. பேரரச இறால் என்று பொருள்படும் பெயருடைய அது, நத்தையின் நிறத்தையே தானும் கொண்டு, நத்தை செல்லுமிடமெல்லாம் பயணம் செய்து, வழியில் கிடைப்பதைப் பொறுக்கி உண்கிறது. நஞ்சுள்ளவனின் தோளில் அமர்ந்தவனையும் யாரும் தொடுவதில்லை.

நியூடிபிராங்குகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமான இருபாலுயிர்கள். இணைந்தபின் இரண்டுமே முட்டையிடும். செந்நிறப் பெருநத்தையின் முட்டைகள் நீண்ட நாடாவாக வெளிவந்து சுருள்சுருளாகப் பாறையில் ஒட்டி, விரிந்த ரோஜாவைப் போலக் காட்சியளிக்கும். தாய் காவல் நிற்பதில்லை. எனினும் மீன்கள் அதனைத் தின்பதில்லை. 1986-இல் ஜப்பானிய வேதியியலார் இத்தகைய முட்டை நாடாவிலிருந்து கபிராமைடு-சி என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். இஷிகாகி தீவின் கபிரா விரிகுடாவால் வந்த பெயர் அது. தாய் தின்ற கடற்பஞ்சின் பொருளே முட்டைக்குக் காவலாக வைக்கப்படுகிறது என்பது தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. இக்காவலையும் மீறுவோர் உண்டு. ஃபேவோரினஸ் என்னும் சின்னஞ்சிறு நியூடிபிராங்க் இம்முட்டை ரோஜாவின் மடிப்புகளுக்குள் புகுந்து, முட்டைகளையே உணவாகக் கொண்டு வாழ்கிறது. தன் இனத்தாரின் தந்திரத்தைத் தன் இனத்தாரே முறியடிக்கும் நிலை இது.

செங்கடல் முதல் ஹவாய் வரை காணப்படுவது ஒரே இனம் என்ற கருத்தும் அண்மையில் மாறியது. 2023-இல் வெளியான வகைப்பாட்டு ஆய்வு, ஒரே பெயரில் அழைக்கப்பட்டுவந்தது பல இனங்களின் தொகுதி என்று காட்டியது. ரூப்பெல் இட்ட பெயர் அவர் கண்ட செங்கடல் நத்தைக்கே உரியதாக நிற்கிறது.

ஓட்டைத் துறக்கும் நேரம்

முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்கு ஓடு உண்டு என்று தொடக்கத்தில் குறிப்பிட்டோம். கண்ணாடி போன்ற அச்சிறு ஓட்டுக்குள்ளிருந்து இரு மயிரிழை மடல்களை நீட்டித் துழாவியபடி அது கடலில் மிதக்கும். ஓட்டைக் கழற்றுவது எப்போது? இதனை மிகத் தெளிவாக விளக்கியவை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹேட்ஃபீல்டும் அவருடன் பணியாற்றியோரும் பல்லாண்டுகள் நடத்திய ஆய்வுகள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஃபெஸ்டில்லா என்னும் நியூடிபிராங்க். இது கடற்பஞ்சைத் தின்பதன்று. போரைட்டிஸ் என்னும் கற்பவளத்தையே தின்று, அதன்மேலேயே வாழ்வது. செங்கடல் உட்பட வெப்பக் கடல்களெங்கும் பாறை கட்டும் பவளப் பேரினம் இந்தப் போரைட்டிஸ்.

உயிருள்ள போரைட்டிஸ் பவளம் நீரில் ஒரு பொருளைக் கசியவிடுகிறது. பாறைக்கு மேலோடும் நீரில் அது நூல்நூலாகப் பரவியிருக்கும். நீந்திவரும் இளவுயிரி அத்தகைய நூலொன்றைத் தொட்டதும் துழாவுவதை நிறுத்திக் கீழே அமிழ்கிறது. நூலைக் கடந்துவிட்டால் மீண்டும் நீந்தத் தொடங்குகிறது. இவ்வாறு நின்றும் நீந்தியும் இறங்கி, மணம் மிகுந்த இடத்தில் பவளத்தை அடைகிறது. அங்கே அம்மணம் தொடர்ந்து கிடைத்தால் மட்டுமே உருமாற்றம் நிகழும். மயிரிழை மடல்கள் உதிர்கின்றன. ஓட்டிலிருந்து உடம்பு வழுவி வெளியேறுகிறது. வெற்றோடு அங்கேயே கிடக்கிறது. அதன்பின் திரும்பிச் செல்லும் வழியில்லை. உண்ண வேண்டியது அருகில் இருக்கிறது என்னும் உறுதி கிடைக்காமல் அவ்வுயிர் தன் கோட்டையைக் கைவிடுவதில்லை.

இந்தச் சார்புதான் இவ்வுயிர்களின் பலவீனமும். வீட்டு மீன்தொட்டிகளுக்கு அழகுக்காக வாங்கப்படும் நியூடிபிராங்குகள் பெரும்பாலும் பட்டினியால் இறக்கின்றன. அவற்றுக்குரிய கடற்பஞ்சு தொட்டியில் இல்லை. வேறெதனையும் அவை உண்பதில்லை. விற்பவர் இதனைச் சொல்வது அரிது. இரவலாகப் பெற்ற நஞ்சும் வழங்குவது நின்றால் புதுப்பிக்கப்படாது.

கடலிலும் இதே கேள்வி எழுந்துள்ளது. வெப்பம் மிகுந்து பவளங்கள் தம் பாசிகளை இழந்து வெளுக்கும் நிகழ்வு நான்காம் முறையாக உலகளவில் பரவியுள்ளதென 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. செங்கடலின் வடகோடியான அகபா வளைகுடாப் பவளங்கள் வெப்பத்தை வியக்கத்தக்க அளவு தாங்குகின்றன. நடுவிலும் தெற்கிலும் உள்ளவை பலமுறை வெளுத்துள்ளன. கடற்பஞ்சைத் தின்னும் இனங்கள் இதனால் உடனடியாகப் பாதிக்கப்படாமல் போகலாம். பவளத்தையும் மென்பவளத்தையும் நம்பியவற்றின் நிலை வேறு. ஃபெஸ்டில்லாவின் இளவுயிரி பவளத்தின் மணம் கிடைக்காதபோது உருமாறாமல் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கக் கூடியது. சிறு பாசிகளை உண்டு, ஓட்டைச் சுமந்தபடி, மோந்துகொண்டே நீந்தும். பவளம் இறந்துபோன பாறைக்கு மேலே அது எத்தனை முறை கடந்து சென்றாலும் அமிழ்வதில்லை. தவணை முடியும்போது, ஓட்டுக்குள் இருந்தபடியே அது இறக்கிறது.